பதற்றம், படபடப்பு, பேனிக் அட்டாக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், பினாங்குத் தீவிலும் அதற்கு எதிர்க்கரையான செபராங் பிறையிலும் கோயில் மண்டபம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டம் என்று மனநலம் பற்றிப் பேசப் போகிறேன். அங்கே எழுந்து நின்று கேள்வி கேட்பவர்கள் குறைவு. கூட்டம் முடிந்து, மீஹூன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, ஆளில்லாத பக்கமாக வந்து "ஒரு சின்னக் கேள்வி" என்று ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம். அப்படி வந்த கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். ஆட்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். சில இடங்களில் இரண்டு மூன்று பேரின் கதை ஒன்றாகக் கலந்திருக்கும். படித்துவிட்டு நீங்களே உங்களுக்கு நோய்ப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டாம். அது மருத்துவர் வேலை.

டென்ஷன் யாருக்குத்தான் இல்லை? எப்போது அதை நோய் என்கிறீர்கள்?

கார் தவணை இரண்டு மாதம் பாக்கி, கம்பெனியில் ஆள் குறைக்கப் போகிறார்களாம், மாமியாருக்கு டயாலிசிஸ். இப்படிக் காரணம் கண்முன்னே நிற்கும்போது தூக்கம் கெடுவதும் எரிந்து விழுவதும் இயல்பு. பாரம் இறங்கினால் உடம்பும் அடங்கிவிடும். இதுதான் ஸ்ட்ரெஸ். அடுத்து என்ன வருமோ என்று முன்கூட்டியே அஞ்சுவது பதற்றம். அதுவும் ஓரளவுக்கு வேண்டும். கொஞ்சமும் பதற்றமில்லாத பையன் நாளைக்குப் பரீட்சை என்றால் இன்றைக்குப் பந்து விளையாடப் போய்விடுவான்.

மருத்துவர்கள் மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள். பயம் விஷயத்துக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிதாக இருக்கிறதா, மாதக்கணக்கில் நீடிக்கிறதா, வேலையையும் வீட்டையும் கெடுக்கிறதா. எதை எடுத்தாலும் கவலை என்று ஓயாமல் உழலும் பொதுப் பதற்ற நோய்க்கு ஆறு மாதம் என்று ஒரு கணக்கு உண்டு. கிளினிக்குகளில் ஜி.ஏ.டி.-7 என்ற கேள்வித்தாளைக் கொடுப்பார்கள். 2006-ல் வெளிவந்தது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஏழே கேள்விகள், மொத்தம் 21 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் உட்கார்ந்து விரிவாகப் பேசிப் பார்க்க வேண்டும். தாளில் வந்த எண்ணே நோய் ஆகிவிடாது.

நாட்டுப் புள்ளிவிவரத்தையும் இதே நிதானத்தோடு பார்க்கச் சொல்வேன். 2015-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருக்கலாம் என்று தெரிந்தது. மேடையேறுபவர்கள் இதை "மூன்று மலேசியரில் ஒருவருக்கு மனநோய்" என்று முழங்குகிறார்கள். அது கேள்வித்தாள் கொண்டு சலித்தெடுத்த கணக்கு, மருத்துவர் பரிசோதித்துச் சொன்னதில்லை. பதற்ற நோய்களை மட்டும் எடுத்துக்கொண்டால், 2019-ல் உலகில் சுமார் 30 கோடிப் பேருக்கு, அதாவது நூற்றில் நான்கு பேருக்கு, அவை இருந்தன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். சிகிச்சை கிடைப்பது ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான்.

பயந்தால் நெஞ்சு ஏன் அடித்துக்கொள்கிறது? வயிறு ஏன் கலக்குகிறது?

உயிர் பிழைக்க உடம்பு செய்யும் ஏற்பாடு அது. மூளைக்குள் அமிக்டலா என்றொரு சிறு பகுதி இருக்கிறது. சரியான அவசரக் குடுக்கை. ஆபத்து என்று பட்டதும், நிதானமாக யோசிக்கிற பகுதி வாய் திறப்பதற்குள் உடம்பைக் கிளப்பிவிடும். சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டும். இதயம் வேகமெடுக்கும், மூச்சு வாங்கும், கல்லீரல் சர்க்கரையை இரத்தத்தில் விடும், கைகால் தசைகளுக்கு இரத்தம் பாயும். சற்றுப் பின்னால் வரும் கார்டிசோல் அந்த நிலையைத் தக்கவைக்கும். செரிமானம் அந்த நேரத்தில் அவசரமில்லாத வேலை, அதனால் ஒத்திவைக்கப்படும். வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் பூனைகளின் செரிமானத்தை எக்ஸ்ரே மூலம் பார்த்துக்கொண்டிருந்தபோது, பூனை மிரண்டால் அதன் வயிற்றின் அசைவு அப்படியே நின்றுபோவதைக் கவனித்தார். "சண்டை போடு அல்லது ஓடு" என்று நாம் இன்று சொல்லும் கருத்து அவருடைய அந்த ஆய்வுகளிலிருந்து வளர்ந்ததுதான்.

பாம்பைக் கண்டால் இதெல்லாம் உதவும். ஆனால் "நாளைக் காலையில் என்னை வந்து பார்" என்று மேனேஜர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திக்கும் உடம்பு இதையேதான் செய்கிறது. ஓடவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே அத்தனையையும் தாங்குகிறோம். வேகமான மூச்சு கரியமில வாயுவை அளவுக்கு மேல் வெளியே தள்ளிவிடுவதால் தலை சுற்றும், விரல் நுனியும் உதட்டோரமும் சுருசுருக்கும். அதைப் பக்கவாதம் என்றோ மாரடைப்பு என்றோ நினைத்துப் பயந்தால் இன்னும் அட்ரினலின் வரும். அது இன்னும் சுருசுருப்பைக் கொண்டுவரும். பேனிக் அட்டாக் என்பது இந்தச் சுழல்தான். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டுத் தானாக இறங்கும். நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும் இறங்கும்.

ராத்திரி மூன்று மணிக்கு நெஞ்சு அடைத்தது, ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஈ.சி.ஜி. நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள். மறுபடி வந்தால் இது ஹார்ட் இல்லை என்று எதை வைத்து நம்புவது?

முதல் தடவை ஓடியது சரி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. மற்ற இனங்களைவிட நமக்கே அதிகம். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது "கேஸ்தான், கோடாலித் தைலம் தேய்த்துவிட்டுப் படு" என்பது ஆபத்தான அன்பு. நெஞ்சை அமுக்குகிற வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவினால், படியேறும்போது வந்து உட்கார்ந்தால் குறைந்தால், உடம்பு சில்லிட்டு வியர்த்தால் 999-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு வலியே இல்லாமல்கூட வரலாம். இன்சுலின் போடுபவர்களுக்குச் சர்க்கரை இறங்கினாலும் கை நடுங்கும், வியர்க்கும், படபடக்கும். அதனால் முதலில் விரலைக் குத்திப் பாருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், இரத்தசோகை இருந்தாலும் இதே கூத்துதான். ஆகவே ஒரு முறை எல்லாவற்றையும் முறையாகச் சோதித்துவிட வேண்டும்.

சிக்கல் அதற்குப் பிறகு ஆரம்பிக்கிறது. இரண்டாவது ஈ.சி.ஜி. தந்த நிம்மதி ஒரு மாதம் நிற்கும், மூன்றாவது ஒரு வாரம், நான்காவது வீடு வந்து சேரும் வரைக்கும்தான். ஒரே மருத்துவரை வைத்துக்கொள்ளுங்கள். "இன்ன மாதிரி வந்தால் அவசரம், இன்ன மாதிரி வந்தால் வீட்டிலேயே உட்கார்ந்து கடக்கலாம்" என்று அவரோடு பேசி ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மணிக்கு மூளை வாதாடும். அப்போது எடுத்துப் பார்க்க அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.

டெஸ்ட் எல்லாம் நார்மல் என்றதும் வீட்டில் நடிக்கிறேன் என்கிறார்கள்.

அட்ரினலினை யாராலும் நடித்துச் சுரக்கவைக்க முடியாது. படபடப்பு நிஜம், வியர்வை நிஜம், நிற்காத பேதியும் நிஜம். ஆபத்து மட்டும்தான் நிஜமில்லை. கணவரையோ அம்மாவையோ ஒரு தடவை மருத்துவர் அறைக்குள் கூடவே அழைத்துப் போங்கள். நீங்கள் நூறு தடவை சொன்னதை அவர் ஒரே தடவை சொன்னால் எடுபடும். வருத்தம்தான், ஆனால் நம் வீடுகளில் அப்படித்தான்.

இதில் எத்தனை வகை இருக்கிறது?

திரும்பத் திரும்பப் பேனிக் வருவதும், அடுத்தது எப்போது வருமோ என்று நடுங்குவதும் ஒரு வகை. கூட்டத்திலோ பஸ்ஸிலோ மாட்டிக்கொண்டால் தப்ப முடியாதே என்ற அச்சம் ஒன்று. நாலு பேர் முன் பேச, சாப்பிட, கையெழுத்துப் போடக்கூடக் கூசுகிற சமூகப் பதற்றம், உயரம், ஊசி, நாய் என்று ஒரே பொருளைப் பிடித்துக்கொண்ட அச்சம், மேலே சொன்ன பொதுப் பதற்ற நோய் எல்லாம் இந்தக் குடும்பம்தான். கைகழுவிக்கொண்டே இருக்கும் ஓ.சி.டி.யும் விபத்து, அடிதடி, பலாத்காரத்துக்குப் பின் வரும் பி.டி.எஸ்.டி.யும் முன்பு இதே பட்டியலில் இருந்தன; அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2013 கையேட்டில் அவற்றைத் தனித் தலைப்புகளாகப் பிரித்துவிட்டார்கள். ஒருவருக்கே இரண்டு மூன்று வகை சேர்ந்திருப்பதும், கூடவே மனச்சோர்வு இருப்பதும் சகஜம்.

பிறையிலிருந்து பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்குக் கார் ஓட்டிப் போவேன். ஒரு நாள் பாலத்தின் நடுவில் பேனிக் வந்தது. அன்றிலிருந்து பட்டர்வொர்த்தில் காரைப் போட்டுவிட்டு ஃபெர்ரியில் போய், அக்கரையில் பஸ் பிடிக்கிறேன். வேலை நடக்கிறது. இப்படியே விட்டுவிடலாமே?

இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், ஏனென்றால் பதற்ற நோயை நோயாக வளர்ப்பது எது என்பது இதில் இருக்கிறது.

தீவையும் எதிர்க்கரையையும் இணைக்கும் பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர். அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேல். டோல் தாண்டி ஏறிவிட்டால் நடுவில் திரும்ப முடியாது. அந்த ஒரு காரணம் போதும், மூளை அதைப் பிடித்துக்கொள்ள. முதல் பேனிக் எதனால் வந்தது என்று தேடினால் பெரும்பாலும் அற்பமான விஷயமாக இருக்கும்: நைட் ஷிஃப்ட் முடிந்த களைப்பு, வெறும் வயிற்றில் இரண்டு கோப்பி ஓ, மழை, முன்னால் லாரி. ஆனால் மூளை எழுதிக்கொண்டது "பாலம் ஆபத்து" என்று. நீங்கள் ஃபெர்ரிக்குப் போன முதல் நாளே பெரிய நிம்மதி கிடைத்திருக்கும். அந்த நிம்மதிதான் கண்ணி. "பார்த்தாயா, பாலத்தில் போகாததால்தான் பிழைத்தோம்" என்று மூளை தன் கணக்கை உறுதி செய்துகொண்டது. பாலத்தில் போனால் ஒன்றும் ஆகாது என்பதைக் கற்றுக்கொள்ள அதற்கு நீங்கள் வாய்ப்பே கொடுக்கவில்லை.

தவிர்ப்பது அங்கேயே நிற்பதும் இல்லை. முதலில் பாலம், அடுத்து மேம்பாலம், அப்புறம் நெடுஞ்சாலையின் வலது தடம், அப்புறம் கார் ஓட்டுவதே. ஃபெர்ரியில் கூட்டம் சேர்ந்த ஒரு சாயங்காலம் அங்கேயும் நெஞ்சடைத்தால் வேலையே போய்விடும். வீட்டுக்குள்ளேயே முடங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர்கூட ஒரே நாளில் முடங்கவில்லை.

சிகிச்சை எதிர்த்திசையில் போகிறது. 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியல் அறிஞர், முயலைக் கண்டால் அலறிய பீட்டர் என்ற குழந்தைக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து, அவன் சாப்பிடும்போது முயல் கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்தார். கடைசியில் அவன் முயலைத் தடவிக் கொடுத்தான். 1950-களில் தென்னாப்பிரிக்காவில் ஜோசஃப் வோல்பே இதை முறையான சிகிச்சையாக வளர்த்தார். பயப்படுவதைப் படிப்படியாக நேரில் சந்திப்பதுதான் இன்றைக்கும் அச்ச நோய்களுக்கு நன்றாக வேலை செய்யும் வழி.

பாலத்துக்கு அந்தப் படிகள் இப்படி இருக்கலாம். ஞாயிறு விடியற்காலை, கணவர் ஓட்ட நீங்கள் முன் இருக்கையில், கண்ணை மூடாமல். பிறகு நீங்கள் ஓட்ட அவர் பக்கத்தில். பிறகு நீங்கள் தனியாக, அவர் முன்கூட்டியே போய் குளுகோர் பக்கம் காத்திருக்க. பிறகு யாரும் காத்திராமல். கடைசியாக வேலை நாள் காலை ஏழு மணி நெரிசல். ஒவ்வொரு படியையும் சலிப்புத் தட்டும் வரை திரும்பச் செய்துவிட்டுத்தான் அடுத்தது. போகுமுன் ஒரு நோட்டில் "என்ன நடக்கும் என்று நினைக்கிறேன்" என்று எழுதுங்கள்: "மயங்கி விழுந்து காரைக் கடலில் விடுவேன்." வந்தபின் நடந்ததை எழுதுங்கள்: "கை வியர்த்தது. ரேடியோவில் விளம்பரம் ஓடியது. அக்கரை வந்துவிட்டது." மூளை அந்த வித்தியாசத்திலிருந்துதான் பாடம் படிக்கிறது. பேனிக்கில் மயங்கி விழுவது அபூர்வம். மயக்கத்துக்கு இரத்த அழுத்தம் இறங்க வேண்டும், பேனிக்கில் அது ஏறும். விதிவிலக்கு இரத்தம், ஊசி பார்த்து வரும் அச்சம். அவர்களுக்கு அழுத்தம் திடீரென்று இறங்குவதால் நிஜமாகவே மயக்கம் வரும். தசைகளை இறுக்கிப் பிடிக்கும் தனிப் பயிற்சி சொல்லித்தருவார்கள்.

இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். துணைக்கு எதையெதையெல்லாம் எடுத்துப் போகிறீர்கள்? ஒரு பெண்மணியின் கைப்பையில் கோடாலித் தைலம், இரண்டு போத்தல் தண்ணீர், புளிப்பு மிட்டாய், அக்காவின் எண் அழுத்தத் தயாராக வைத்த கைப்பேசி, முருகன் படத்தின் பின்னால் ஒளித்த ஒரு மாத்திரை எல்லாம் இருந்தன. மாத்திரையை அவர் ஒரு நாளும் போட்டதில்லை. ஆனால் பத்திரமாக அக்கரை சேர்ந்த ஒவ்வொரு முறையும் பெருமை மாத்திரைக்குத்தான் போனது. படிகள் ஏற ஏற இவற்றையும் ஒவ்வொன்றாக வீட்டில் விட்டுவர வேண்டும். முருகனை விடச் சொல்லவில்லை.

ஓட்டும்போது வந்துவிட்டால் வேகத்தைக் குறைத்து இடது தடத்திலேயே போய்க்கொண்டிருங்கள். பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்துவதுதான் உண்மையான ஆபத்து. இந்தப் பயிற்சியைத் தேர்ந்த உளவியலாளரோடு திட்டமிடுவது நல்லது. கணவர்மார்களுக்கு ஒரு வார்த்தை: தினமும் நீங்களே கொண்டுபோய் விடுவது பாசம்தான், ஆனால் நோய்க்கும் அது வசதி. துணைக்குப் போங்கள். எந்த வாரத்தில் துணையைக் குறைப்பது என்று இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

மூச்சுப் பயிற்சி உதவுமா? காகிதப் பைக்குள் ஊதச் சொல்கிறார்களே?

பை வேண்டாம். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் அது ஆபத்து. மூக்கால் மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக வெளியே விடுங்கள். சில நிமிடம் போதும். ஆனால் பேனிக்கை "நிறுத்த" மூச்சோடு மல்லுக்கட்டினால் அதுவும் கைப்பை மாத்திரை மாதிரி ஆகிவிடும்.

தண்ணி போட்டால் சரியாகிவிடுகிறது.

இரண்டு மணி நேரத்துக்குச் சரியாகும். மது இறங்கும்போது நரம்பு மண்டலம் முன்பைவிட அதிகமாகக் கிளர்ந்தெழும். விடியற்காலைப் படபடப்புக்குப் பாதிக் காரணம் முந்தைய இரவின் பியரோ சம்சு என்ற மலிவுச் சாராயமோதான். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், அதனால் நிறுத்துவதையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கோப்பி, எனர்ஜி டிரிங்க் இரண்டையும் குறைத்துப் பாருங்கள். நைட் ஷிஃப்ட்காரர்களுக்கு இதைச் சொன்னால் என்னை முறைப்பார்கள், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

கவுன்சலிங் என்றால் சும்மா பேசுவதுதானே? பேசினால் கவலை தீருமா?

சும்மா பேசினால் மனம் லேசாகும், நோய் போகாது. சி.பி.டி. என்ற அறிவுசார் நடத்தைச் சிகிச்சை வகுப்பு மாதிரி நடக்கும். வாரம் ஒரு தடவை, பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு அமர்வுகள், வீட்டுப்பாடமும் உண்டு. பாலத்துக்குச் சொன்ன படிகளும் அதன் பகுதிதான்.

ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். மகன் மோட்டாரில் உணவு டெலிவரி செய்கிறான். மழை பிடித்ததும் அம்மா அழைப்பார். எடுக்கவில்லை என்றால் வாட்ஸ்அப்பில் கடைசியாக எப்போது வந்தான் என்று பார்ப்பார், பிறகு அவன் கூட்டாளிக்கு அழைப்பார், பிறகு சாமி விளக்கு அணைந்துவிட்டதா என்று எட்டிப் பார்ப்பார். மகன் ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனை எடுத்து "ஒன்னும் இல்லம்மா" என்பான். யார் யாரை ஆபத்தில் தள்ளுகிறார்கள் என்று அம்மாவே கேட்டுக்கொண்ட நாளில் சிகிச்சை பாதி முடிந்தது. அதற்குப் பின் செய்ததெல்லாம் எளியவை. கவலையை இரண்டாகப் பிரிப்பது: டயர் தேய்ந்திருக்கிறது என்பது செய்யக்கூடியது, மாற்றிவிடலாம். "லாரி மோதிவிட்டால்?" என்பதற்குச் செய்ய ஒன்றுமில்லை. இரண்டாவது வகைக்குச் சாயங்காலம் ஆறரைக்கு இருபது நிமிடம் ஒதுக்கி, அப்போது மட்டும் உட்கார்ந்து கவலைப்படுவது. அழைப்பை ஒரு நாளைக்கு ஒன்றாகக் குறைத்து, மிச்ச நேரம் நிச்சயமில்லாமையோடு இருந்து பழகுவது. கடைசியாகச் சொன்னதுதான் கடினம். இந்த நோயின் பசியே "உறுதியாகத் தெரிந்தாக வேண்டும்" என்பதுதான்.

மருந்து சாப்பிட்டால் அடிமையாகிவிடுவேனா?

எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம், ஃப்ளுவாக்ஸெடின் போன்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகள்தான் முதலில் தரப்படுபவை. இவற்றில் போதை இல்லை, அளவைக் கூட்டிக்கொண்டே போகும் ஏக்கமும் வராது. ஆனால் பொறுமை வேண்டும். பலன் தெரிய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். முதல் ஒன்றிரண்டு வாரத்தில் குமட்டல், தூக்கக் குறைவு, சிலருக்குப் படபடப்பே கொஞ்சம் கூடுதல் என்று வரும். இந்த இடத்தில்தான் பலர் "எனக்கு ஒத்துக்கவில்லை" என்று மருந்தைக் குப்பையில் போடுகிறார்கள். முன்கூட்டியே சொல்லாத மருத்துவரையும் நான் குறை சொல்வேன். தாம்பத்திய ஆசை குறைவதும் உண்டு. கூச்சப்படாமல் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார்கள். 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஆரம்பத்தில் தற்கொலை எண்ணம் தோன்றுகிறதா என்று கவனித்துக்கொள்ள வேண்டும். நலமானபின் குறைந்தது ஆறு மாதமாவது தொடர்ந்து, பிறகு மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் மின்சாரம் பாய்ந்தது போன்ற அதிர்வும் வரும்.

அல்பிரஸோலாம், டயஸிபாம், லோரஸிபாம் ஆகிய அமைதிப்படுத்தும் மாத்திரைகள் வேறு ரகம். அரை மணி நேரத்தில் அடக்கிவிடும், அதனாலேயே பழக்கமாகிவிடும். சில வாரத்துக்கு மேல் வேண்டாம் என்பதே பொது விதி. மதுவோடு சேர்ந்தால் மூச்சையே நிறுத்தக்கூடும். பக்கத்து வீட்டு அக்காவின் தூக்க மாத்திரையில் பாதி வாங்கிப் போடுவதை நிறுத்துங்கள். மேடைப் படபடப்புக்குத் தரும் புரோப்ரனலால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது.

காத்து கருப்பு பட்டிருக்கும் என்று பாட்டி சொல்கிறார். சாமி பார்க்கலாமா?

விபூதி பூசுவதாலும், தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொள்வதாலும் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. நம்பிக்கை, துணைக்கு நாலு பேர், தினமும் ஓர் ஒழுங்கு எல்லாமே பதற்றத்துக்கு நல்லது. மூன்று இடத்தில் மட்டும் கோடு போடுங்கள். மருந்தை நிறுத்தச் சொன்னால் வெளியே வந்துவிடுங்கள். ஆயிரக்கணக்கில் வெள்ளி (ரிங்கிட்) கேட்டாலும், அடித்தாலோ பட்டினி போட்டாலோ அப்படியே. யார் செய்வினை வைத்தது என்று அண்ணியையும் பக்கத்து வீட்டையும் காட்டிக்கொடுக்கிற சாமியாடிகளால் குடும்பங்கள் பேசாமல் போனது எத்தனை என்று பாட்டிக்கே தெரியும்.

பிள்ளைக்கு ஞாயிறு ராத்திரி ஆனால் வயிற்று வலி. பள்ளிக்கூடம் போக அடம் பிடிக்கிறான்.

வலி பொய்யில்லை, மேலே சொன்ன பூனையை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப்பள்ளியில் கலகலப்பாக இருந்த பிள்ளை, இடைநிலைப் பள்ளியில் புகுமுக வகுப்புக்கோ முதல் படிவத்துக்கோ போனதும் வாய் மூடிப்போவதை நிறையப் பார்க்கிறோம். மலாயில் தப்பாகப் பேசினால் சிரிப்பார்களோ என்ற கூச்சம் சமூகப் பதற்றமாக முற்றும். முதலில் பகடிவதை நடக்கிறதா, கழிப்பறையில் யாராவது பணம் பறிக்கிறார்களா என்று விசாரியுங்கள். நிஜமான ஆபத்துக்கு வரும் பயம் நோயில்லை. அப்படி ஒன்றும் இல்லையென்றால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு நாள் லீவும் அடுத்த நாளைக் கடினமாக்கும். பள்ளி ஆலோசக ஆசிரியரோடு பேசி, இரண்டு பாடவேளை, அரை நாள், முழு நாள் என்று ஏற்றலாம். ஐந்தாம் படிவத்தின் எஸ்.பி.எம். பரீட்சை நெருங்கும்போது "அந்த வீட்டுப் பிள்ளை எத்தனை ஏ" என்ற கேள்வியை மட்டும் வீட்டில் தடை செய்யுங்கள்.

எங்கே போவது? எவ்வளவு ஆகும்? தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்களா?

மாட்டார்கள். 1911-ல் தொடங்கிய அந்த மனநோய் ஆஸ்பத்திரியின் பெயரை நாம் வசவாக்கி வைத்திருப்பதால் இந்தப் பயம். பதற்ற நோய்க்காரர்களில் மிகப் பெரும்பாலோர் வார்டையே பார்க்காமல், வந்து போய்க்கொண்டே குணமாகிறார்கள்.

பக்கத்தில் உள்ள கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில், ஆரம்பியுங்கள். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி. தேவைப்பட்டால் பினாங்கு மருத்துவமனை போன்ற அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். அங்கே சிறப்பு மருத்துவருக்கு வழக்கமாக 5 வெள்ளி. காத்திருக்க வேண்டிவரும், கடிதம் கிடைத்த அன்றே தேதி எடுத்துவிடுங்கள். சுகாதார அமைச்சின் மெந்தாரி சமூக மனநல மையங்களும் இருக்கின்றன. தனியாரில் ஓர் அமர்வே நூற்றுக்கணக்கான வெள்ளி. அப்படிப் போவதென்றால் ஆலோசகர் 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். வார இறுதிப் பயிற்சிச் சான்றிதழைச் சுவரில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. மனநல ஆலோசனைச் செலவு, 1,000 வெள்ளி வரையிலான மருத்துவப் பரிசோதனை வரிவிலக்கில் சேரும், ரசீதை வைத்திருங்கள். தமிழில் பேசத்தான் வரும் என்றால் பதியும்போதே சொல்லிவிடுங்கள். வேலையிடத்துக்குத் தரும் மருத்துவ விடுப்புச் சான்றில் (எம்.சி.) நோயின் பெயர் போடாமல் தரும்படி கேட்கலாம்.

வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால்?

காத்திருக்காதீர்கள். மனம் விட்டுப் பேச உதவும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணிலும், சுகாதார அமைச்சின் ஹீல் சேவையை 15555 என்ற எண்ணிலும் அழைக்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 999 அல்லது நேராக அவசரப் பிரிவு. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து காயத்தை மறைத்த குடும்பங்கள் உண்டு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவை நாடாளுமன்றம் 2023-ல் நீக்கிவிட்டது.

முழுசாகக் குணமாகுமா? மருந்து விட்டபின் திரும்ப வந்தால்?

பலருக்கு முழுமையாகவே விலகுகிறது. சிலருக்குப் பிள்ளைப்பேறு, வேலை இழப்பு, வீட்டில் ஒரு சாவு என்று பெரிய அதிர்ச்சி வரும்போது எட்டிப் பார்க்கும். பதற்றமே வராத நாள்தான் குணம் என்று வைத்துக்கொண்டால் யாருமே குணமாக மாட்டார்கள். பாலத்தில் கை வியர்த்தபடியே ஓட்டிப் போய் நேரத்துக்கு கார்டு பஞ்ச் செய்தால் அது குணம்தான். திரும்ப வந்தால் ஒரு மாதம் இரண்டு மாதம் என்று பொறுத்துப் பார்க்காமல், நோட்டை எடுத்து எந்தப் படியில் சறுக்கினீர்களோ அதற்கு ஒரு படி கீழே இருந்து ஆரம்பியுங்கள். இரண்டு வாரத்தில் பிடிபடவில்லை என்றால் பழைய மருத்துவரையே போய்ப் பாருங்கள். பழைய அட்டையை எடுத்துப் போனால், முன்பு எந்த மருந்து எந்த அளவில் கேட்டது என்று அவர் தேட வேண்டியிருக்காது.